புருவ மத்தியிலிருந்து பிடரி வரை

என் தலையின் நீளம் 178 மில்லிமீட்டர், அகலம் 138. செருப்பு அளவு எல்லோருக்கும் தெரியும், ஜாக்கெட் அளவு தெரியும். தலை அளவு யாருக்குத் தெரிகிறது? எனக்குத் தெரியவந்தது ஒரு வழுக்கலால். போன வருஷம் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்ஸ்வர்த்தில் நாத்தனார் வீட்டு வாசல்படியில் பிரியாணிச் சட்டியோடு இறங்கும்போது கால் வழுக்கிப் பின்மண்டை படிக்கல்லில் மோதியது. சட்டி தப்பியது. இன்றைக்கும் அந்த வீட்டில் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இரண்டு முறை வாந்தி வந்ததால் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்கள். நான் வேலை பார்க்கும் இடத்திலேயே, தினமும் மற்றவர்களைப் படுக்கவைக்கும் அதே மேசையில் என்னைப் படுக்கவைத்தார்கள். "அசையாமல் இருங்கள்" என்று பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவளுக்கு அன்றைக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. மூக்கு நுனி அரித்தது. சரி, உள்ளே ஒன்றுமில்லை. ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்தவள். கணவர் குடும்பம் இங்கே ஐந்தாம் தலைமுறை. வீட்டில் தமிழ் பேசுவது நானும், நான் நச்சரிப்பதால் என் பெண்ணும்தான். சி.டி. ஸ்கேன் அறையில் ரேடியோகிராஃபர் வேலை. இந்தக் கட்டுரை தலையை அளப்பது பற்றியது. எட்டு மாதமாக அந்த வேலையில் ஒரு ஓரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் மேற்படிப்புப் படிக்கும் இளம் டாக்டர் ஒருவர், ஜூலுக்காரர், ஒருநாள் வந்து நின்றார். "மா, ஒரு உதவி." ஜூலுவில் மூத்த பெண்களை 'மா' என்பார்கள். எனக்கு அது தமிழாகவே காதில் விழும், அதனால் மறுப்புச் சொல்ல வாய் வராது. அவருடைய ஆய்வேட்டுக்கு, ஏற்கெனவே எடுத்துச் சேமித்து வைத்திருக்கும் தலை ஸ்கேன்களிலிருந்து மண்டையோட்டின் நீள அகலங்களை அளக்க வேண்டும். தலைவலி, விபத்து, மயக்கம் என்று எதற்கோ எடுத்து, மூளையில் கோளாறு இல்லை என்று அறிக்கை வந்த படங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியிருந்தார். இதற்காகவே யாரையும் புதிதாக ஸ்கேன் செய்யக்கூடாது. ஒரு தலை சி.டி. என்றால் ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு; இயற்கையாக ஒரு வருஷத்தில் நம் மேல் படுவதற்குப் பக்கத்தில் வருகிற அளவு. அளவு பார்க்கிற ஆசைக்கு அதைக் கொடுக்க முடியாது.

அவர் கேட்டது செஃபாலிக் இன்டெக்ஸ் என்கிற தலைச் சுட்டெண். கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை போடுவதுதான். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். நீளம் எங்கிருந்து எங்கே என்றால், புருவ மத்தியில் நாம் பொட்டு வைக்கும் மேட்டிலிருந்து பிடரிக்கு மேலே மண்டை அதிகமாகப் புடைத்திருக்கும் இடம்வரை. அகலம், காதுகளுக்கு மேலே பக்கவாட்டில் எங்கே அதிகமோ அங்கே. 75க்குக் கீழே வந்தால் நீள்தலை, 75க்கும் 80க்கும் நடுவில் நடுத்தலை, 80க்கு மேல் அகல்தலை. 1840களில் ஸ்வீடன் உடற்கூற்று அறிஞர் அன்டர்ஸ் ரெட்ஸியஸ் தொடங்கிவைத்தது. அப்போது இரும்புக் கவராயம், இப்போது கம்ப்யூட்டர் மவுஸ்.

மவுஸில் அளப்பது சுலபம் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். ஒரு கிளிக், இன்னொரு கிளிக், திரையில் மில்லிமீட்டர் வந்துவிடும். ஆனால் எந்த இடத்தில் கிளிக் செய்வது? படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எலும்பின் ஓரம் ஒரு கோடாக இருக்காது. சாம்பலில் தொடங்கி வெள்ளைக்குப் போகும் மூன்று நான்கு சதுரங்கள் இருக்கும். தலைப்படத்தில் ஒரு சதுரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். எலும்பு தொடங்குவது இந்தச் சதுரத்திலா, அடுத்ததிலா?

அதோடு திரையில் படத்தை எந்த 'விண்டோ'வில் வைத்துப் பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது. சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கெட்டி எலும்பு கூட்டல் 1000ஐயும் தாண்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை கறுப்பிலிருந்து வெள்ளையாகக் காட்டுவது என்பதுதான் விண்டோ. மூளையைப் பார்க்க ஒன்று, அதில் 80க்கு மேலே உள்ளதெல்லாம் ஒரே வெள்ளை. எலும்பைப் பார்க்க இன்னொன்று, அதன் வீச்சு 2000 வரை போகும். ஒரே மண்டையோடு மூளை விண்டோவில் ஊறின அப்பம் மாதிரித் தடித்துத் தெரியும். எலும்பு விண்டோவுக்கு மாற்றினால் மெலிந்துவிடும். ஆள் மாறவில்லை, எலும்பு மாறவில்லை, அளவு மாறிவிட்டது. முதல் வாரத்தில் நானும் டாக்டரும் ஒரே தலையைத் தனித்தனியாக அளந்து வேறு வேறு எண் எழுதிவைத்திருந்தோம். காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

ஆனால் உண்மையான வில்லன் சாய்வு. தலை எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை முடிவு செய்யாமல் நீளம் என்ற பேச்சே இல்லை. மானிடவியலாளர்கள் 1880களில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் கூடி இதற்கு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத்துளையின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் தலை நேராக இருக்கிறது என்று அர்த்தம். பிராங்க்ஃபர்ட் தளம் என்று இன்றும் அதற்குப் பெயர். பல் டாக்டர்கள்கூடப் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் ஸ்கேன் எடுக்கும்போது அப்படி வைப்பதில்லை. கதிர் கண்ணின் லென்ஸில் நேராகப் படக்கூடாது. அதற்காகத் தாடையை நெஞ்சுப் பக்கமாக இறக்கியோ, இயந்திரத்தின் வளையத்தைச் சாய்த்தோ, கண்ணுக்கு மேலாகத் துண்டு, அதாவது தலையைக் குறுக்கே வெட்டினது போன்ற படம், விழும்படி எடுப்போம். அந்தச் சாய்ந்த துண்டுகளில் ஒரே துண்டுக்குள் பொட்டு மேடும் பிடரிப் புடைப்பும் சேர்ந்து வராது. முன்னால் நெற்றியில் வெட்டினால் பின்னால் வேறு உயரத்தில் வெட்டும். அதில் அளந்த நீளம் குறைந்துதான் வரும். அகலத்துக்கு அவ்வளவு சேதமில்லை. ஆக, சுட்டெண் ஏறிவிடும்.

மெல்லிய துண்டுகள் இருந்தால் கம்ப்யூட்டரில் தலையை மறுபடி நிமிர்த்தி வைத்து அளக்கலாம். ஆனால் மெல்லிய துண்டுகள் இடத்தை அடைக்கும் என்று பல இடங்களில் சில மாதங்களில் அழித்துவிடுவார்கள். காப்பகத்தில் தங்குவது 5 மில்லிமீட்டர் தடித்த துண்டுகள்தான். எங்களிடமும் பாதித் தலைகளுக்குமேல் அப்படித்தான். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தானே தெரியும், தினமும் சாய்த்து எடுக்கிறவள் நான். தோன்றவில்லை. மூன்று வாரம் இருவரும் சந்தோஷமாகத் தப்பாக அளந்துகொண்டிருந்தோம்.

என் ஆச்சி அடிக்கடி சொல்வாள், "எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்." எண்ணெய் வைக்காமல் பள்ளிக்கூடம் போனால் அந்த வசனம் வரும். எட்டுச் சாண் என்பது யார் கைச்சாண்? அவரவர் கைச்சாண். நெட்டையானவனும் எட்டு, குள்ளமானவனும் எட்டு. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒருவனை இன்னொருவனோடு ஒப்பிடவே முடியாது. சிலை வடிக்கும் ஸ்தபதிகளும் முகத்தின் நீளத்தையே ஒரு தாலம் என்று வைத்துக்கொண்டு மற்ற அங்கங்களை அதால்தானே அளக்கிறார்கள்.

தலையெழுத்து என்பார்களே, அதையும் நான் தினமும் பார்க்கிறேன். மண்டையோட்டின் தட்டுகள் சேரும் பொருத்துக் கோடுகள், அதிலும் பின்பக்கத்தில் இருக்கிற கோடு, முப்பரிமாணப் படத்தில் நெளிந்து நெளிந்து யாரோ பேனாவை எடுக்காமல் கிறுக்கினது போல இருக்கும். பிரம்மா எழுதினது என்று நம் ஆட்கள் சொன்னதில் ஆச்சரியமே இல்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள், ஆனாலும் ஆச்சி "தலையெழுத்து" என்று நெற்றியில் அடித்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அந்தக் கோட்டை எலும்பு முறிவு என்று நினைத்துப் பதறுவதும் நடக்கும். முறிவு நேராக ஓடும், ஓரம் கூராக இருக்கும். தலையெழுத்து வளைந்து நெளியும்.

அப்படி ஒரு கோடு முன்கூட்டியே அழிந்துபோன ஒரு தலை ஜூன் மாதம் வந்தது. ஐந்து மாதக் குழந்தை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பம். கூட வந்தவள் கொள்ளுப்பாட்டி. இங்கே பாட்டியை ஆயா என்பார்கள். எண்பது தாண்டியிருக்கும், கையில் பழைய மாடல் தங்க வளையல் இரண்டு, நல்ல தமிழ். நான் தமிழில் பேசியதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டவள் விடவே இல்லை.

"ஏம்மா, தலைய நான் சரியா உருட்டிவிடலையா?"

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டித் தலையை உருட்டி, மூக்கை இழுத்துவிடுகிற அந்தக் கலையில் ஆயாவுக்குப் பேர் உண்டாம். பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் தலை பந்து மாதிரி. இந்த ஒன்றுக்கு மட்டும் படகு மாதிரி நீண்டுகொண்டே போகிறது. எதிர்வீட்டு இந்திக்கார ஆன்ட்டி சொன்னார் என்று கடுகு நிரப்பிய சின்னத் தலையணை ஒன்று தைத்து, அதில் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். கடுகு உருண்டு உருண்டு தலைக்குத் தக்க குழி விடுமாம். கைக்குழந்தையைத் தலையணையில் படுக்கவைக்கவே கூடாது, முகம் புதைந்தால் மூச்சு முட்டும் என்று நான் சொன்னேன். ஆயா அதைக் கேட்டமாதிரித் தெரியவில்லை.

குழந்தைக்கு மயக்கமருந்து கொடுக்கவில்லை. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, கண் சொருகியதும் மேசையில் வைத்தோம். சில நொடிகளில் முடிந்துவிட்டது. திரையில் தலை உருவாகி வந்தபோது பார்த்தேன். உச்சிக்குழியிலிருந்து பின்னோக்கி நடு வகிடு மாதிரி ஓட வேண்டிய கோடு இல்லை. அந்த இடத்தில் லேசான மேடு மட்டும். நீளம் 142, அகலம் 94. வகுத்தால் 66.

மூளை வளர்கிறபோது தட்டுகள் அந்தக் கோடுகளில் விலகி இடம் விட வேண்டும். நடு வகிட்டுக் கோடு மூடிக்கொண்டால் பக்கவாட்டில் இடமில்லை. மூளை விடுமா, முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டு போகும். மூடிய கோட்டுக்குக் குறுக்கே வளர்ச்சி நிற்கும், அதன் போக்கிலேயே நீளும் என்று ருடால்ஃப் ஃபிர்ஷோ 1851லேயே எழுதிவைத்தார். மல்லாந்தே படுத்துப் பின்மண்டை தட்டையாகிற குழந்தைகள் வேறு. அது பெரும்பாலும் குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்து, விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாடவிட்டால் சரியாகிவிடும். இது அப்படி இல்லை. எத்தனை உருட்டினாலும் வழிவிடாது. நோயைச் சொல்வது டாக்டர் வேலை, ரேடியோகிராஃபர் வாயைத் திறக்கக்கூடாது. ஆனால் ஆயாவிடம் இதை மட்டும் சொன்னேன்: "ஆயா, உங்க கைமேல தப்பு ஒண்ணுமில்ல." அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை, இதைச் சொல்லவே இருந்ததா என்றும் தெரியவில்லை.

அந்த 66 ஒரு நல்ல எண். அதை வைத்து அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடுவார்கள், பிறகு மறுபடி அளந்து எவ்வளவு அகன்றது என்று பார்ப்பார்கள். ஒரே தலை, தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது.

கடுகு என்றதும் எனக்கு வேறொரு தலை அளவு ஞாபகம் வந்தது. அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியாவில் சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கில் மண்டையோடுகள் சேர்த்துவைத்திருந்தார். 1839ல் புத்தகமே போட்டார். மண்டையோட்டுக்குள் கடுகு போன்ற சிறு விதைகளை நிரப்பி, அவற்றைத் திரும்பக் கொட்டி அளந்து, எந்த இனத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்று பட்டியல் போட்டார். விதை ஒருமுறை அடங்குவது போல மறுமுறை அடங்காது. கட்டைவிரலால் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் போகும். படி அரிசி அளந்து வாங்கிய யாருக்கும் இது தெரியும், குலுக்கி அளக்கச் சொல்வதும் தலைதட்டச் சொல்வதும் எதற்கு? அவரும் பிறகு ஈயக் குண்டுகளுக்கு மாறினார். அவர் எங்கே அழுத்தினார், எங்கே அழுத்தவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கமும் ஒருவர் இருந்தார். எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களையும் அவர் கவராயம் விட்டுவைக்கவில்லை. 1909ல் ரங்காச்சாரியோடு சேர்ந்து வெளியிட்ட ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகள் பலவற்றுக்குப் பழக்கவழக்கத்தோடு தலை அளவும் மூக்கு அளவும் இருக்கும். செத்த காலேஜ் (சென்னை அருங்காட்சியகத்தை ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள்) பார்க்கப் போனவர் தானே காட்சிப்பொருளாகித் திரும்பியிருக்கிறார்!

அதே வருஷங்களில் அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆட்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ட்ரூரோ என்ற முதல் கப்பல் டர்பன் கரைக்கு வந்தது 1860 நவம்பர் 16. 1911ல் நிறுத்தும்வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், அப்புறம் உடம்பிலுள்ள அடையாளம். என் கணவரின் முப்பாட்டனாருக்கு அந்தப் பத்தியில் எழுதியிருப்பது இடது கணுக்காலில் தழும்பு. அது எப்படி வந்தது என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. முகம் எப்படி இருந்தது என்றும் தெரியாது, புகைப்படம் இல்லை. தழும்பு மட்டும் பத்திரமாக ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு இந்த நாட்டில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இங்கே உள்ளவர்களுக்குத் தெரிந்த கதை. 1950ல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு இனம், அட்டையில். சந்தேகமிருந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் வெள்ளையர், நின்றால் இல்லை. 1959ல் வந்த அறிவிப்பில் 'இந்தியர்' என்பதே 'கலர்ட்' என்கிற கலப்பினத்தவரின் உட்பிரிவுகளில் ஒன்றாக இருந்தது. 1991ல் சட்டம் போய்விட்டது. இனத்துக்கான பத்தி போகவில்லை. அநியாயத்தைச் சரிசெய்யக் கணக்கு வேண்டுமே என்பதற்காகப் பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் வேலை விண்ணப்பத்திலும் அதே நான்கு கட்டங்கள் இன்னும் இருக்கின்றன. காரணம் நியாயமானதுதான். ஆனாலும் என் பெண் முதல் முறை அந்தக் கட்டத்தில் டிக் போட்டபோது எனக்கு என்னவோபோல இருந்தது.

இளம் டாக்டரின் அட்டவணையிலும் அந்தப் பத்தி இருந்தது. அவருக்கும் பிடிக்கவில்லை, ஆய்வு வழிகாட்டிதான் அந்தப் பத்தி வேண்டும் என்றாராம். பெயர்களை நீக்கிவிட்டு வரிசை எண் மட்டும் வைத்திருந்தார். அதற்கு முன்பே, குடும்பப் பெயரைப் பார்த்து இனத்தை நிரப்பிவிட்டிருந்தார். நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்றால் இந்தியர். சுலபமாகத்தானே தெரியும்.

செப்டம்பரில் ஒருநாள் சாயங்காலம், வேலை குறைந்த நேரம், அட்டவணையை உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வரி. பெண், என் வயது, நான் விழுந்த தேதி. அன்றைக்கு அந்த வயதில் வேறு யாருக்கும் தலை ஸ்கேன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான்தான். நீளம் 171, அகலம் 138, சுட்டெண் 80.7, அகல்தலை. பக்கத்துப் பத்தியில்: கலர்ட்.

கணவரின் குடும்பப் பெயர் ஒரு கிறிஸ்தவப் பெயர். தூத்துக்குடியில் அந்தப் பெயரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். இங்கே கலர்ட் குடும்பங்களிலும் அது சாதாரணம். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. நீளத்தை அளந்தது யார் என்று பார்த்தேன். எழுதியிருந்தது என் பெயரின் முதலெழுத்து. என் தலையை நானே, யாருடையது என்று தெரியாமல், சாய்ந்த துண்டில் ஏழு மில்லிமீட்டர் குறைத்து அளந்திருக்கிறேன்.

என்னுடைய மெல்லிய துண்டுகள் நல்லவேளையாக அழிக்கப்படாமல் இருந்தன. தலையை நிமிர்த்தி, எலும்பு விண்டோவில் வைத்து, மறுபடி அளந்தேன். 178. சுட்டெண் 77.5, நடுத்தலை. ஒரு சாய்வில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். 75, 80 என்று கோடு கிழித்தவர்கள் எலும்பில் அப்படி எந்தக் கோட்டையும் பார்த்துக் கிழிக்கவில்லை. முழு எண்கள், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

அது மட்டுமா, அந்தச் சுட்டெண் ஒரு பரம்பரைச் சொத்து, மாறவே மாறாது என்ற நம்பிக்கையிலேயே அடி விழுந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஃப்ரான்ஸ் போவாஸ் நியூயார்க்கில் குடியேறியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும், ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, அங்கே பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோரிடமிருந்து விலகுகிறது என்று 1912ல் வெளியிட்டார். விலகல் எவ்வளவு பெரியது என்பதில் பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். எனக்குத் தெரிந்த அளவுக்கு, ஆயாவின் கையும் கொஞ்சம் வேலை செய்யும்.

இவ்வளவையும் அளக்கிற இயந்திரத்தின் கணக்கு இதே நாட்டில் பிறந்தது என்பதை இங்கே படிக்கும் ரேடியோகிராஃபிப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மக், கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியர். 1956ல் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் இயற்பியலாளர் வேலை காலியாக இருந்ததால் வாரத்தில் ஒன்றரை நாள் அங்கே போய்வந்தார். உடம்புக்குள் ஒவ்வொரு இடமும் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வெளியிலிருந்தே கணக்கிட முடியுமா என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அலுமினியத் தட்டைச் சுற்றி மரவளையம் வைத்துச் சோதித்தார். 1963லும் 1964லும் கட்டுரைகள் வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை, பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்ததுதான் என்று நோபல் உரையில் அவரே சொன்னார். லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு இயந்திரம் செய்து 1971ல் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார். படம் 80க்கு 80 சதுரம். 1979ல் இருவருக்கும் நோபல்.

அதே கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றுத் துறையில், பெட்டிகளில், சதர்லாண்ட் பகுதியைச் சேர்ந்த ஒன்பது பேரின் எலும்புகள் இருந்தன. இந்த நாட்டின் ஆதிக்குடிகளான சான், கோய் மக்கள், பண்ணையில் வேலை செய்தவர்கள். 1920களில் ஒரு மருத்துவ மாணவர் தன் குடும்பப் பண்ணைக் கல்லறையிலிருந்து தோண்டிக் கொடுத்தவை. 2017ல் சேகரிப்பைத் தணிக்கை செய்தபோதுதான் வெளியே வந்தது. சிலருக்குப் பெயர்கூட இருந்தது: கார்னீலியஸ் ஆபிரகாம், க்ளாஸ் ஸ்டூர்மன். வம்சாவளியினரைத் தேடிக் கண்டுபிடித்து, என்ன செய்யலாம் என்று அவர்களைக் கேட்டார்கள். ஆராய்ந்து சொல்லுங்கள், பிறகு எங்களிடம் கொடுங்கள் என்றார்கள். லிவர்பூலில் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபேஸ் லேப், மண்டையோடுகளின் அளவிலிருந்து எட்டுப் பேருக்கு முகம் வரைந்து கொடுத்தது. 2023 நவம்பரில் சதர்லாண்டிலேயே அடக்கம் செய்தார்கள்.

அந்த ஃபேஸ் லேப் பெயரை நான் மறுபடி பார்த்தது 2025ல், எங்கள் தூத்துக்குடிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில். கீழடி பக்கத்தில் கொந்தகையில் தாழிகளில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர்கள் முகம் கொடுத்திருந்தார்கள். படம் வந்த பத்து நிமிஷத்தில் குழுவில் கலவரம். "அசல் நம்ம ஞானம் மாமா" என்றாள் சித்தி. "மூக்கைப் பார், நாம் யாரென்று தெரிகிறது" என்று ஒருவர் தொடங்கினார். இன்னொருவர் தோல் நிறத்தைப் பிடித்துக்கொண்டார். எலும்பு தோல் நிறத்தைச் சொல்லாது, முடியையும் சொல்லாது, அதெல்லாம் வரைகிறவர்களின் நியாயமான ஊகம் என்று எழுதினேன். யாரும் கவனிக்கவில்லை. ஞானம் மாமா மட்டும் கட்டைவிரல் உயர்த்தினார். நானும் அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தழும்பு மட்டும் மிச்சமிருக்கும் முப்பாட்டனாருக்கு இப்படி ஒன்று கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முதலில் சாய்வைப் பற்றி, அப்புறம் என் வரியைப் பற்றி. சாய்வைக் கேட்டபோது தலையில் கைவைத்துக்கொண்டார். வரியைக் கேட்டபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "என் தாத்தா அட்டையில் என்ன எழுதுவது என்று மூன்று ஆபீஸர்கள் சண்டை போட்டார்களாம், மா" என்றார். மெல்லிய துண்டுகள் இல்லாத தலைகளையெல்லாம் நீக்கினோம். மிச்சமிருந்ததை இருவரும் தனித்தனியாக, இரண்டு வாரம் இடைவெளி விட்டு, இரண்டிரண்டு முறை அளந்தோம். இப்போது ஆய்வேடு, இந்த ஊர்த் தலைகளைப் பற்றியதாக இல்லாமல், சாய்ந்த துண்டில் அளந்தால் சுட்டெண் எவ்வளவு பிசகும் என்பதைப் பற்றியதாகிவிட்டது. இனப் பத்தியை எடுத்துவிட்டார். வழிகாட்டிக்கு வருத்தம்தான்.

ஆயாவை நவம்பரில் லிஃப்ட் பக்கத்தில் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். குழந்தை பேத்தியின் இடுப்பில், எதையோ கடித்துக்கொண்டு. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை தலைக்குக் குறுக்கே தழும்பு. நேர்கோடாகப் போடாமல் நெளிநெளியாகப் போடுவார்கள், முடி வளர்ந்தால் மறைந்துவிடும். தலை நன்றாக அகன்றிருந்தது, அளக்காமலே தெரிந்தது.

"பாத்தியா, பிரம்மா எழுதினத டாக்டரு அழிச்சு எழுதிட்டாரு" என்று ஆயா அந்தத் தழும்பைத் தடவிக் காட்டினார்.

அந்தக் கடுகுத் தலையணை என்னவாயிற்று என்று கேட்டேன்.

"பிரிச்சுத் தாளிச்சுட்டேன்" என்றார்.